மாட் உடைப்பாணி: ஓர் இளைஞர் கூட்டத்தின் உடை மீண்டும் உயிர்பெற்ற விதம்

ஓர் இளைஞர் கூட்டம் தனக்கென்று உருவாக்கிக்கொண்ட உடைப்பாணி, அந்தக் கூட்டம் கலைந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் கடந்த பிறகு, அந்தக் காலத்தில் கைக்குழந்தைகளாக இருந்தவர்களின் உடலில் மீண்டும் ஏறுவதைத்தான் உடைப்பாணியின் மறுமலர்ச்சி என்கிறோம். பழைய மோஸ்தர் திரும்பி வருவது எப்போதும் நடப்பதுதானே என்று தோன்றலாம். ஆனால் பெல்பாட்டம் போவதையும் வருவதையும் பெரும்பாலும் ஆலைகளும் கடைகளும் திரைப்படங்களும் தீர்மானிக்கின்றன. அதை அணிகிறவர்களுக்குள் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை. ஒரு துணைப்பண்பாட்டின் உடை திரும்பும்போது நிலைமை வேறு. அந்த உடையோடு ஓர் இசை, ஒரு வண்டி, கூடுகிற இடங்கள், யார் நம்மவர், யார் வெறும் வேடம் போடுகிறவர் என்ற கணக்கு ஆகிய எல்லாமே சேர்ந்து திரும்புகின்றன. இதை விளங்கிக்கொள்ள 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் நடந்த மாட் மறுமலர்ச்சியைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதிலும் ஆண்களின் உடை அளவுக்கு வேறெதுவும் அந்த மறுமலர்ச்சியின் குணத்தைக் காட்டுவதில்லை என்பதால், இங்கே அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மூல மாட் இளைஞர்களைப் பற்றிப் பார்க்கலாம். 1950களின் பிற்பகுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் மாடர்ன் ஜாஸ் இசையைத் தேடிக் கேட்ட இளைஞர்கள் சிலர் தங்களை மாடர்னிஸ்ட் என்று அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்தான் பிறகு மாட் என்று சுருங்கியது. கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பது 1960ஆம் ஆண்டோடு நின்றுபோனது. வேலை தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஓர் அலுவலகத்திலோ கடையிலோ சேர்ந்த தொழிலாளர் வீட்டுப் பையனின் கையில், வீட்டுக்குக் கொடுத்தது போக, வாரந்தோறும் கொஞ்சம் பணம் மிஞ்சியது. அந்தப் பணத்தை அவன் துணியில் போட்டான். அதுவரை இங்கிலாந்தில் அந்த வயதுப் பையன் அணிந்தது அப்பாவின் உடையை அளவு குறைத்தது போன்ற ஒன்றுதான். அகலமான கால்சட்டையும் தொளதொளத்த கோட்டும் சாம்பல் நிறமுமாக இருந்த அந்த உடையை விட்டுவிட்டு, இத்தாலியப் படங்களிலும் பத்திரிகைகளிலும் பார்த்த கச்சிதமான குட்டைக் கோட்டை அவன் கேட்டான். கிழக்கு லண்டனின் சிறு தையற்கடைகளுக்கு நேரில் போய், நெஞ்சில் மடிந்து விழும் லேப்பல் எத்தனை அங்குலம், பட்டன் எத்தனை, பின்புற வெட்டு எவ்வளவு உயரம் என்று தானே சொல்லித் தைத்துக்கொண்டான்.

இந்த ஆர்வம் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1962இல் லண்டனில் வெளிவந்த டவுன் என்ற பத்திரிகை, உடையே உயிராக வாழ்ந்த சில பையன்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் பேசியவர்களில் ஒருவன் மார்க் ஃபெல்ட். அப்போதுதான் பதினைந்து வயதைத் தொட்டுக்கொண்டிருந்தான். பின்னாளில் மார்க் போலன் என்ற பெயரில் ராக் பாடகராகப் புகழ்பெற்றவர் அவரே. கிளாஸ்கோவிலிருந்து வந்த ஜான் ஸ்டீபன் 1957இல் சிறிய அளவில் தொடங்கிய ஆண்கள் உடைக்கடை, சில ஆண்டுகளில் லண்டனின் கார்னபி தெரு முழுவதும் கிளை விரித்ததும் இந்தப் பையன்களின் பணத்தால்தான். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரையிலும், அடுத்து மே மாதத்தில் பிரைட்டன், மார்கேட் போன்ற ஊர்களிலும் மாட் இளைஞர்களும் தோல்சட்டை அணிந்த ராக்கர் இளைஞர்களும் மோதிக்கொண்டார்கள். நாளிதழ்கள் அதை நாடே பற்றி எரிவது போல எழுதின. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் இந்தச் சம்பவங்களை ஆராய்ந்து, நடந்ததற்கும் எழுதப்பட்டதற்கும் இருந்த தூரத்தை எடுத்துக் காட்டினார். அந்தச் செய்திப் படங்கள் ஒரு முக்கியமான வேலையைச் செய்தன: மாட் என்றால் எப்படி இருப்பான் என்ற ஒற்றைப் பிம்பத்தை நாட்டின் நினைவில் பதித்துவிட்டன.

அந்தப் பிம்பத்தில் முதலிடம் பிடித்தது பார்கா. இது அமெரிக்க ராணுவம் கொரியப் போர்க்காலத்தில் உருவாக்கிய குளிர்கால மேலங்கி. 1951 மாதிரிதான் பெயர் பெற்றது. முன்புறத்தைவிடப் பின்புறம் நீளமாக இறங்கி, நடுவில் மீன்வால் போலப் பிளந்திருக்கும். அந்த இரண்டு வால்களையும் நாடாவால் தொடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் காற்று உள்ளே புகாது. ராணுவம் கழித்த சரக்கை விற்கும் கடைகளில் இது மலிவாகக் கிடைத்தது. ஸ்கூட்டரில் போகிற மாட் இளைஞனுக்கு மழையிலிருந்தும் எண்ணெய்க் கறையிலிருந்தும் தன் சூட்டைக் காப்பாற்ற ஓர் உறை வேண்டியிருந்தது. அதற்காகவே பார்காவை மேலே போட்டுக்கொண்டான். போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுவான். அவன் காட்ட விரும்பியது உள்ளே இருந்ததைத்தான்.

உள்ளே இருந்தது என்ன என்பதை ஒரே ஒரு துணியை வைத்துச் சொல்லலாம். டோர்மொய் என்ற நிறுவனம் 1957இல் டோனிக் என்ற பெயரில் ஒரு துணியை வெளியிட்டது. அங்கோரா ஆட்டின் மயிரான மொஹேரும் கம்பளியும் கலந்த அந்தத் துணி கெட்டியாக, கசங்காமல், மெல்லிய மினுமினுப்போடு இருக்கும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் கொடுத்து நெய்த ரகங்களில், உடம்பு அசையும்போது நிறம் மாறித் தெரியும். நம் மயில்கழுத்துப் பட்டு வெளிச்சத்தில் திரும்பும்போது நீலமும் பச்சையுமாகக் காட்டுமே, அதே வித்தைதான். இந்தத் துணியில் மூன்று பட்டன் வைத்து, லேப்பலைக் குறுக்கி, இரு பக்கமும் வெட்டு விட்டு, கால்சட்டையின் பாட்டத்தைச் சுருக்கி, ஓரத்தை முன்புறம் சற்று ஏற்றியும் குதிகால் பக்கம் சற்று இறக்கியும் தைத்துவிட்டால், காலணியின் மேல் மடிப்பு விழாமல் கோடு நேராக இறங்கும். இப்படிப்பட்ட நுணுக்கம் தெரு முனையில் நிற்கும் சாதாரண ஆளின் கண்ணில் படாது. இன்னொரு மாட் இளைஞன் மட்டும் கவனிப்பான். அந்த உடைப்பாணியின் சாரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சூட் இல்லாத நாட்களுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. விம்பிள்டனில் 1934 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற ஃப்ரெட் பெர்ரியின் பெயரில் 1952இல் வந்த, வாகை மாலைச் சின்னம் பொறித்த பின்னல் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டார்கள். லீவைஸ் 501 ஜீன்ஸ் துவைத்தால் சுருங்கும் ரகம் என்பதால், அதை அணிந்துகொண்டே குளியல் தொட்டியில் உட்கார்ந்து உடம்பின் அளவுக்கே சுருங்க வைத்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் பாணியும் இவர்களைக் கவர்ந்தது. அந்த வழியில்தான் மெட்ராஸ் செக் இவர்களிடம் வந்து சேர்ந்தது. சென்னையின் சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த, கட்டம் போட்ட அந்தப் பருத்தித் துணி அமெரிக்காவுக்குப் போய்க் கோடைக்காலக் கோட்டாகி, அங்கிருந்து லண்டன் வந்தது. சாயம் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கரைந்து ஒன்றோடொன்று கலப்பதை நம் ஊரில் குறையாகச் சொல்வார்கள். அங்கே அதுவே அசல் சரக்கின் அடையாளமாக மதிக்கப்பட்டது. நம் நெசவாளர்களின் கைவேலை அந்தக் கதையில் இருப்பதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

1966, 67 வாக்கில் இந்தக் கூட்டம் கலைந்தது. சிலர் நீள முடியும் பூப்போட்ட சட்டையுமாக ஹிப்பி பக்கம் போனார்கள். இன்னும் சிலர் முடியை ஒட்ட வெட்டி, கனத்த பூட்ஸ் அணிந்து, 1969இல் ஸ்கின்ஹெட் என்று பெயர் வாங்கினார்கள். இங்கிலாந்தின் வடக்கே இருந்தவர்கள் பழைய அமெரிக்க சோல் இசையை விடவே இல்லை; விகன் நகரில் 1973இல் தொடங்கிய இரவு முழுதும் நடக்கும் நடனங்களில் அந்த இசை ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே ஆடியவர்கள் அணிந்தது காற்றில் பறக்கும் அகலக் கால்சட்டை. இசை தங்கிவிட்டது, உடை மாறிவிட்டது. ஒரு துணைப்பண்பாடு ஒரேயடியாக மறைவதில்லை. அதன் பகுதிகள் வெவ்வேறு கைகளுக்குப் போய் வெவ்வேறு வேகத்தில் வாழ்கின்றன. மறுமலர்ச்சி என்பது சிதறிய அந்தப் பகுதிகளை யாரோ ஒருவர் மீண்டும் ஒன்றாகக் கோக்கும் வேலை.

அதைக் கோத்தவர்களில் முதன்மையானவர் பால் வெல்லர். லண்டனுக்குத் தென்மேற்கே வோகிங் என்ற ஊரில் 1958இல் பிறந்த அவருக்குக் கிளாக்டன் மோதல் நடந்தபோது வயது ஐந்து. 1960களில் மாட் இளைஞர்கள் கொண்டாடிய தி ஹூ என்ற ராக் குழுவின் பழைய இசைத்தட்டுகளைப் பதின்வயதில் கேட்டு அந்த உலகத்துக்குள் நுழைந்த அவர், 1977இல் தி ஜாம் குழுவோடு வெளிச்சத்துக்கு வந்தபோது பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை உச்சத்தில் இருந்தது. மற்ற குழுக்கள் கிழிந்த சட்டையும் ஊக்குமாக மேடை ஏறிய அந்த நேரத்தில், இவர்கள் மூவரும் கறுப்பு சூட்டும் வெள்ளைச் சட்டையும் ஒல்லியான கறுப்பு டையும் கறுப்பு வெள்ளைக் காலணியுமாக வந்து நின்றார்கள். எதிர்ப்பு என்பது கிழிசலில்தான் இருக்க வேண்டும் என்ற பொதுக்கருத்தை அது அசைத்தது. பங்க் கடைச்சரக்காகிவிட்டது என்று சலித்துப் போயிருந்த பதின்வயதினர் பலர் இவர்களைப் பார்த்துத்தான் உடையை மாற்றினார்கள்.

1978இன் இறுதியில் லண்டனின் கிழக்கிலும் தெற்கிலும் புதிய குழுக்கள் முளைத்தன. சீக்ரெட் அஃபேர், பர்ப்பிள் ஹார்ட்ஸ், தி கார்ட்ஸ், மெர்ட்டன் பார்க்காஸ் ஆகியவை அவற்றுள் சில. 1979 மே மாதம் கேனிங் டவுனில் உள்ள பிரிட்ஜ் ஹவுஸ் என்ற மதுவிடுதியில் இவற்றில் சில குழுக்கள் ஒரே நாளில் பாடிய நிகழ்ச்சி நேரடியாகப் பதிவு செய்யப்பட்டு இசைத்தட்டாக வந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், தி ஹூ குழு 1973இல் வெளியிட்ட குவாட்ரோஃபீனியா இசைத்தொகுப்பை வைத்து, 1964இல் நடப்பதாக ஃப்ராங்க் ராட்டம் இயக்கிய அதே பெயர்ப் படம் திரைக்கு வந்தது. படம்தான் மறுமலர்ச்சியை உண்டாக்கியது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. வரிசையைப் பார்த்தால் அது சரியில்லை. நெருப்பு ஏற்கெனவே பற்றியிருந்தது, படம் அதை நாடெங்கும் பரப்பியது.

இந்தப் பிள்ளைகளுக்கு உடை எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1979இல் கடைகளில் தொங்கியவை அகன்ற லேப்பலும் விரிந்த பாட்டமும் கொண்டவை. மூல மாட் இளைஞனிடம் இருந்த வாரக்கூலியும் தையற்கடைப் பழக்கமும் இவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. வேலையின்மை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் 1960களின் சூட்டுகள் பதினைந்து ஆண்டுப் பழையவையாகி, தானமாக வந்த பழம்பொருட்களை விற்கும் தர்மக்கடைகளிலும் தேவாலயப் பழந்துணி விற்பனைகளிலும் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. அப்பாவின் அலமாரியிலும் மாமாவின் பரணிலும் ஒன்றிரண்டு இருந்தன. வாங்கி வந்த கால்சட்டையின் பாட்டத்தை அம்மாவோ அக்காவோ வீட்டு மெஷினில் பிடித்துக் கொடுத்தார்கள். எதைத் தேடுவது என்பதற்குப் பழைய இசைத்தட்டுகளின் உறைப்படங்களும், குவாட்ரோஃபீனியா தட்டோடு வந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படப் புத்தகமும் வழிகாட்டின. ஒரு பாணி மறுமலர்ச்சி அடையப் பதினைந்து ஆண்டு இடைவெளி ஏன் பொருத்தமாக அமைகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது: பொருட்கள் மலிவாகும் அளவுக்குப் பழசாகியிருக்க வேண்டும், அதே சமயம் முற்றிலும் மக்கி அழியாமலும் இருக்க வேண்டும்.

1963ஐச் சேர்ந்த ஒரு படத்தையும் 1979ஐச் சேர்ந்த ஒரு படத்தையும் அருகருகே வைத்தால் புதியவர்களும் வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடலாம். பிந்தைய படத்தில் பார்கா கழற்றப்படுவதே இல்லை. மேடைக்கு முன்னாலும் பள்ளிக்கூட வாசலிலும் அதே பச்சை மேலங்கி, முதுகில் குழுவின் பெயர், கையில் பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டக்குறி, மார்பில் வரிசையாகப் பட்டன் பேட்ஜுகள். சூட்டைக் காக்க வந்த உறையே உடையாகிவிட்டது. கார்னபி தெருக் கடைகள் விரைவில் இதைப் பிடித்துக்கொண்டு, பட்டைக்கோடு போட்ட கோட்டுகளையும் பாலியெஸ்டர் கலந்த ஆயத்தச் சூட்டுகளையும் அடுக்கிவைத்தன. அவற்றில் லேப்பல் அளவுக்கு மீறி ஒல்லியாக இருக்கும், தோள் தொங்கும், இடுப்பு பிடிக்காது. தூரத்திலிருந்து மாட் என்று தெரியும், கிட்டப் போனால் தையல் அதை மறுத்துவிடும். 1963இன் ஆள் தூரத்திலிருந்து சாதாரணமாகத் தெரிவான், கிட்டப் போனால்தான் வியப்பூட்டுவான். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்வது நியாயமாகாது. முன்னோடிகளுக்குத் தங்களை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இவர்களுக்கோ பங்க், புத்துயிர் பெற்ற ஸ்கின்ஹெட், டெடி பாய், ராக்கபில்லி என்று பல கூட்டங்கள் நடமாடிய தெருவில், தாங்கள் யார் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டியிருந்தது. சின்னம் வேண்டியிருந்தது, அது பார்காவாக அமைந்தது.

ஸ்கூட்டரின் கதையில் இந்தியாவுக்கு நேரடிப் பங்கு உண்டு. மாட் இளைஞர்கள் விரும்பி ஓட்டிய ஸ்கூட்டர்களில் ஒன்றான லாம்ப்ரெட்டாவின் உற்பத்தியை மிலான் நகரின் இன்னோசென்டி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் நிறுத்தியது. அதன் இயந்திரங்களை வாங்கியது இந்திய அரசுத் துறை நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா. லக்னோவில் அமைந்த அந்தத் தொழிற்சாலையில்தான் நம் சாலைகளில் ஓடிய விஜய் சூப்பர் உருவானது. இத்தாலியில் நின்றுபோன வண்டிக்கு இங்கிலாந்தில் திடீரென்று மறுபடி தேவை எழுந்தபோது, லக்னோவில் செய்த லாம்ப்ரெட்டா வண்டிகள் அங்கே இறக்குமதியாயின. இங்கே அப்பாக்கள் அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் ஓட்டிய வண்டியின் உடன்பிறப்பு, அங்கே கண்ணாடிகளும் விளக்குகளும் பூட்டிக் கடற்கரை ஊர்களுக்கு அணிவகுத்தது.

அதே 1979இல் கோவென்ட்ரி நகரில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் இசை நிறுவனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஜமைக்காவின் ஸ்கா இசையைப் பாடிய அந்த நிறுவனத்தின் குழுக்கள், மினுங்கும் டோனிக் சூட்டையும் குறுகிய விளிம்புத் தொப்பியையும் எடுத்துக்கொண்டன. அந்தத் தோற்றத்தில் ஜமைக்காவிலிருந்து குடியேறிய இளைஞர்களின் பங்கு பெரிது. மூல மாட் இளைஞர்களே அவர்களைப் பார்த்துக் கற்றவர்கள் என்பதால், பழைய கடன் ஒன்று அப்போது வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது எனலாம்.

இனி, இந்த மறுமலர்ச்சியின் மீது எப்போதும் வைக்கப்படும் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மூல மாட் இளைஞன் புதுமையை வணங்கியவன். இந்த மாதம் அணிந்ததை அடுத்த மாதம் மற்றவர்கள் அணியத் தொடங்கினால் அவன் அதைக் கைவிட்டுவிடுவான். அப்படிப்பட்ட ஒருவனின் 1964ஆம் ஆண்டுத் தோற்றத்தை அப்படியே உறையவைத்து அணிவது அவன் கொள்கைக்கே எதிரானது அல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வி வலுவானதுதான். ஆனால் பழைய உடையைத் தேடிப் போன பையன், தேடும்போதே சில விஷயங்களைக் கற்றுக்கொண்டான். மொஹேருக்கும் பாலியெஸ்டருக்கும் கையில் தெரியும் வேறுபாடு, கையால் எடுத்த காஜாவுக்கும் மெஷின் காஜாவுக்கும் உள்ள வேறுபாடு, தோள் சரியாக உட்கார்ந்த கோட்டில் உடம்பு நிற்கும் விதம் ஆகியவை பேட்ஜைப் போலக் கடையில் வாங்கிக் குத்திக்கொள்ளக் கூடியவை அல்ல. 1980, 81இல் பத்திரிகைகளின் கவனமும் தரவரிசைப் பாடல்களும் விலகியபோது பெரும்பாலோர் பார்காவைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். ஸ்கூட்டரின் மீது மட்டும் காதல் கொண்டவர்கள் உடை விதிகளை உதறிவிட்டு, ராணுவக் கால்சட்டையும் பூட்ஸுமாகத் தனிக் கூட்டமானார்கள். எஞ்சிய சிறுபான்மையினர் சின்னங்களைக் கழற்றிவிட்டுத் தையற்காரரிடம் போனார்கள். மறுமலர்ச்சி அதன் மூலத்தை உண்மையில் எட்டியது கூட்டம் கரைந்த அந்த ஆண்டுகளில்தான் என்று நான் கருதுகிறேன்.

பால் வெல்லரே இதற்குச் சான்று. தி ஜாம் புகழின் உச்சியில் இருந்த 1982இல் அவர் குழுவைக் கலைத்தார். மெர்ட்டன் பார்க்காஸ் குழுவில் இருந்த மிக் டால்பட்டோடு சேர்ந்து அடுத்த ஆண்டு தி ஸ்டைல் கவுன்சிலைத் தொடங்கியபோது, கறுப்பு சூட்டும் இருநிறக் காலணியும் காணாமல் போயிருந்தன. வெளிர்நிற மழைக்கோட்டு, நாடா இல்லாத லோஃபர் காலணி, தோளில் போட்ட ஸ்வெட்டர் என்று பிரான்சு, இத்தாலிப் பக்கத்து இளைஞனைப் போல வந்தார். பார்கா அணிந்து அவரைப் பின்தொடர்ந்தவர்களில் பலருக்கு இது துரோகமாகப் பட்டது. ஆனால் 1959இல் ஆங்கிலேய அகலக் கால்சட்டையை விட்டுவிட்டு இத்தாலியக் குட்டைக் கோட்டைத் தேடிப் போன முதல் மாடர்னிஸ்ட் செய்ததும் இதுவே.